வேண்டா வீட்டு ஆன்டெனா

"டிவிய தூக்குங்க! ரேஷன் ஆபீசரு தெருவுக்குள்ள வந்துட்டாராம்!"

மனைவி ஜாய்ஸ் அலறியதில் ஜெபசிங்குக்கு இட்லி தொண்டையில் நின்றது.

டிவி, மிக்ஸி வைத்திருக்கும் வசதிக்காரர்களுக்கு இனி ரேஷன் அரிசி கிடையாது என்று புது உத்தரவு. மறைமலைநகர் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் ஜெபசிங்குக்கு ஒரே ஒரு கவலை. அரிசி நின்றால் அவன் வீட்டுக் கோழிகள் எதைத் தின்னும்?

கொல்லைப்புறத்துக் குடிசையில் கருவாடு விற்கும் வேண்டா தனியாக இருந்தாள். ரேஷன் அரிசிதான் அவளுக்கு மூன்று வேளையும். ஜெபசிங் டிவியைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினான்.

"இன்னா தம்பி இது? நான் எங்க படுக்கிறது?"

"ஒரு மணி நேரம்தான்க்கா. வாயத் தொறக்காத."

திரும்பி வந்தால் மிக்ஸி கண்ணில் பட்டது. அதுவும் போனது. பின்னாலேயே கிரைண்டர், டேபிள் ஃபேன்.

"மாடி மேல ஆன்டெனா கீதே!" என்றாள் ஜாய்ஸ்.

அதையும் பிடுங்கினான். வைக்க வேறு இடமில்லாமல் வேண்டாவின் ஓலைக்கூரையிலேயே செருகிவிட்டு வந்தான்.

ஆபீசர் சதாசிவம் வந்து வெறும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். 'பாவம்' என்று உச்சுக் கொட்டினார். 'டிவி, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எதுவும் இல்லை' என்று எழுதி நீட்டினார். ஜெபசிங் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்த ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். குடிசை மேல் ஆன்டெனா!

உள்ளே போனால் ஒரு கடையே இருந்தது. கரண்ட் இல்லாத குடிசையில் ஃபேன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

"யாருது இதெல்லாம்?"

வேண்டா ஜெபசிங்கைப் பார்த்தாள். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கோழிகள் ஞாபகம் வந்தது.

"அவங்களுதுதான் சார்."

"அப்ப சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டான். வேண்டாவின் கார்டில் 'அரிசி இல்லை' என்று முத்திரை விழுந்தது. பொருள் பட்டியலின் நகல் ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு ஆபீசர் கிளம்பினார்.

ஜீப் மறைந்ததும் ஜெபசிங் குடிசைக்குள் தலையை நீட்டினான்.

"மனசுல வச்சிக்காதக்கா. கோழிக்குப் போடறதுல உனக்கும் ரெண்டு கிலோ தர்றேன். சாமான எடுத்துக்கட்டா?"

வேண்டா நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யாரு சாமான் தம்பி? உன்கிட்ட ஒண்ணியும் இல்லன்னு நீயே கையெழுத்துப் போட்ட, எல்லாம் என்னுதுன்னும் நீயே போட்ட. இத்த வித்துத்தான் நான் இனிமே அரிசி வாங்கணும்!"