தறிக்குழி மேல் ஒரு சோபா

கீழே தரை இருக்கிறதா என்று யோசிக்காமல் சோபா போட்ட ஆள் நான். மடையர்களில் எத்தனையோ வகை உண்டு. இந்த வகையில் காஞ்சிபுரத்துக்கே நான் ஒருவன்தான் (இதுவரை போட்டிக்கு யாரும் வரவில்லை).

அறுபதுகளின் கடைசி. அக்காவைப் பெண் பார்க்கப் பக்கத்து நெசவு ஊரான ஐயம்பேட்டையிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். ஏற்கனவே இரண்டு இடத்துக்காரர்கள் காபி குடித்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். அக்கா அந்த வாரம் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

வந்தவர்கள் திரும்பி வராத காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் முன்கட்டில் இருந்த குழித்தறி. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, காலைப் பள்ளத்துக்குள் விட்டு மிதிக்கிற தறி. வீட்டுக்குள் நுழைந்ததும் பள்ளம் தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்? (தெருவில் எல்லா வீட்டிலும் அதே பள்ளம்தான். எல்லாப் பெண்களுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அதெல்லாம் என் மேதைமைக்கு எட்டவில்லை.)

சென்னையில் ஒரு நண்பன் வீட்டு ஹாலைப் பார்த்திருந்தேன். அப்படியே செய்தேன். மூன்று சுவருக்குக் கடல் பச்சை, ஒரு சுவருக்கு மட்டும் ரோஸ். அவரைக்கொட்டை வடிவத்தில் டீபாய். பிளாஸ்டிக் ஒயர் நாற்காலி. இவற்றுக்கெல்லாம் மகுடமாக, கீழே போகப்போக ஊசியாகிற சாய்ந்த கால்கள் வைத்த சோபா. அப்பா அப்போதுதான் நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கியிருந்ததால், தறியைக் கழற்றிப் பின்கட்டில் சாத்தினோம். குழியைக் கழற்ற முடியாதே. அதன்மேல் பிளைவுட், பிளைவுட் மேல் ஜமக்காளம், ஜமக்காளத்தின் மேல் சோபாவின் முன்கால்கள்.

"தாங்குமாடா?" என்றார் அப்பா.

"நான் உக்காந்து பாத்துட்டேன்பா." (அப்போது என் எடை ஒரு ஈர வேட்டியின் எடை.)

மாப்பிள்ளையோடு தாய்மாமன் வந்தார். வாசலை அவர் பக்கவாட்டில் திரும்பித்தான் கடக்க முடிந்தது. ரோஸ் சுவரைப் பார்த்தார். டீபாயைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"தறி ஓடற வூடுன்னு சொன்னாங்களே."

"அதெல்லாம் பழசுங்க மாமா. இப்படி உக்காருங்க" என்று சோபாவைக் காட்டினேன். நானேதான்.

அம்மா கொடுத்த காபியோடு உட்கார்ந்தார். ஊசிக்கால்கள் இரண்டும் பிளைவுட்டைத் துளைக்க, அது பிளந்து குழிக்குள் விழுந்தது. சோபா முன்பக்கமாகச் சாய, ஜமக்காளத்தையும் சுருட்டிக்கொண்டு மாமா வழுக்கி இறங்கினார். குழி விளிம்பில் உடம்பு, உள்ளே கால், கையில் சிந்தாத காபி.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கதவிடுக்கில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாவது இடமும் போயிற்று, அதுவும் என் கைவண்ணத்தில்.

குழிக்குள் மாமாவின் கால் எதையோ துழாவியது. நாங்கள் எடுக்க மறந்த மிதிக்கட்டை. ஒருமுறை மிதித்துப் பார்த்தார். காபியை ஒரு வாய் குடித்தார். இன்னொரு மிதி.

"என்னாபா, பொண்ணு பாக்க வந்தவனை வேலைக்கு உக்கார வச்சிட்டே. நூலு எங்க?"

அக்கா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், தெருவுக்கே கேட்கிற சிரிப்பு. அதுவரை ரோஸ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை தலையைத் திருப்பினார்.

"தறியே இல்லாத வூடோன்னு பயந்துட்டேன்" என்று மாமா கையை நீட்டினார். "தூக்கி வுடுங்கபா. தட்டு மாத்திக்கலாம்."

அந்த அறையை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன். பேரனின் நண்பர்கள் வந்து ரோஸ் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சோபா மட்டும் கெட்டித் தரைக்கு மாறிவிட்டது. எங்கள் குடும்பத்தில் நான் நாற்காலி போட்டால், யாராக இருந்தாலும் காலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். "பாத்தியாக்கா, இந்த சோபாதான் உனக்குக் கல்யாணம் பண்ணி வச்சுது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

தரையைத் தட்டிப் பார்த்து, நிதானமாக உட்கார்ந்த பிறகு சொன்னாள்:

"சோபா இல்லடா, குழி."