ஞாயிற்றுக்கிழமை வாத்துகள் இல்லை

கணினியில் ஏரி வாத்துகளின் கணக்கைத் திறப்பதற்கு முன் அந்த ஆய்வாளர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி பார்த்துவருகிறாள். ஜன்னலுக்கு வெளியேதான் அந்த ஏரி. வாத்துகள் போடும் சத்தத்தில் வாத்துகளைப் பற்றி யோசிக்க முடியவில்லையாம்.

கரைக்குப் போகாத ஆய்வாளர் என்ற இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கரை நிலையத்தில் நாலு பேர் வெயிலிலும் மழையிலும் நின்று, பல வருஷமாக வாத்துகளை எண்ணி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைப்பார்கள். இவர் செருப்புக்கூடப் போடாமல் அதை இறக்கி, சலித்து, வண்ண வண்ணப் படமாக்கி, அந்த நாலு பேருக்கும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நன்றி போடுவார். அதையாவது போடுகிறாரே!

இவர்களுக்குக் காலிக் கட்டம் ஆகாது. கணக்கில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டமெல்லாம் காலியாக இருந்தது. பார்த்தார். எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டார். உடனே வாராவாரம் ஞாயிறன்று வாத்துகள் ஒட்டுமொத்தமாக ஏரியை விட்டுப் போய்விடுவதாகத் தெரியவந்தது. எங்கே போகின்றன, ஏன் போகின்றன, திங்கட்கிழமை என்று அவற்றுக்கு யார் சொல்கிறார்கள்? கட்டுரை தானாகவே வளர்ந்தது. அது அச்சேறினால் பேராசிரியர் பதவி. இல்லாவிட்டால் தன்னிடம் படித்த பையனுக்குக் கீழே உட்கார வேண்டும்.

"எண்ணுறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"எண்ணத்தான் அவங்க இருக்காங்க. அர்த்தம் சொல்ல நான் இருக்கேன்."

அடுத்த ஞாயிறு, காலாற நடந்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொல்லி அவரை ஏரிக்குக் கூட்டிப்போனாள். ஏரி முழுக்க வாத்துகள்.

"இதெல்லாம் என்னங்க?"

"வாத்து மாதிரி தெரியுது."

"மாதிரியா?"

ஒரு நாள் கண்ணால் பார்த்ததை வைத்துப் பல வருஷக் கணக்கைச் சந்தேகப்படக் கூடாது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு வாத்து அவருடைய பேன்ட்டைக் கவ்வி இழுத்தது. கரையில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து அதை விரட்டினாள். நிலையத்தில் எண்ணுகிறவளாம். மனைவி அவளிடம் அந்தக் காலிக் கட்டங்களைப் பற்றிக் கேட்டாள்.

"ஞாயிறு எங்களுக்கு லீவுக்கா. எண்ண மாட்டோம். அதான் காலி."

அவர் முகம் வெளுத்தது. பதவி போச்சு என்று மனைவிக்கே ஒரு கணம் பாவமாகிவிட்டது. ஆனால் இந்த இனத்தை அவ்வளவு லேசாக நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் முகம் பழையபடி மலர்ந்தது.

"வாத்தும் ஞாயிறு லீவு, ஆளும் ஞாயிறு லீவு. பாத்தியா, ரெண்டுக்கும் என்னமோ தொடர்பு இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது கட்டுரையை ஆரம்பித்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? பதில் வராத செய்திக்குக் கோபம் என்றும், ஃபோன் எடுக்காத மச்சானுக்குப் பாசமில்லை என்றும் நீங்கள் நிரப்பிய கட்டங்களை எப்போதாவது விசாரித்திருக்கிறீர்களா?

இன்றைய நிலவரம் இதுதான்: அவர் பேராசிரியர். அவருடைய இரண்டு கட்டுரைகளையும் காட்டி, ஞாயிறு எண்ண ஆள் போடுவது வீண் என்று மேலிடம் உத்தரவு போட்டுவிட்டது. ஏரியில் வாத்துகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமையும்.