இரு சம்பந்திகளின் எஞ்சின் போர்

வாழ்க! சொத்தைப் பல்லின் சூழ்ச்சி அறிந்தவர், ஈறு வீங்கியோர் இடுக்கண் களைந்தவர், "ஆ காட்டுங்க" என்னும் ஒற்றை ஆணையால் ஊர் வாயையெல்லாம் திறக்க வைத்தவர், கூரிய கொக்கியைக் கையில் ஏந்தியும் கொடுங்கோலர் ஆகாதவர், வேரோடு ஆடும் கடைவாய்ப் பல்லையும் "இருக்கட்டும், காப்பாத்திடலாம்" என்று கைவிடாத கருணைக் குன்று, எங்கள் பல் டாக்டர் வாழ்க! சொல்லணங்கே, கிரீஸ் படிந்த இந்தப் பெஞ்சின் ஓரத்தில் கைக்குட்டை விரித்துச் சற்றே அமர்ந்தருள். அப்பெருமகனார் தம் மகளைக் கொடுத்த வீட்டாரோடு, ஒரு கிழட்டு எஞ்சினின் பொருட்டு, புன்னகையே வாளாகவும் மரியாதையே கேடயமாகவும் பொருத பெரும்போரை நீ சொல்லச் சொல்ல உலகம் கேட்கட்டும்.

எதிர்ப் பாசறையில் நின்றவர் எளியவர் அல்லர். அவர் கட்டட கான்ட்ராக்டர். டாக்டரின் மகளை மருமகளாய்க் கொண்டவர். விரிசலைப் பூசி மறைப்பது பாவம், இடித்துக் கட்டுவதே அறம் என்று வாழ்பவர். குழாய் கசிகிறது என்று வந்தவனுக்குக் குளியலறையையே புதிதாய் அருளும் வள்ளல். பிள்ளைகளின் கல்யாணம் முடிந்து ஆரவாரம் அடங்கியபின், ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று அறியாமல் இரு தந்தையரும் தத்தம் நாற்காலியில் தேய்ந்துகொண்டிருந்த நாளில், இருவருக்குமே பழைய கார் என்றால் உயிர் என்பது ஏதோ ஒரு பேச்சில் வெளிப்பட்டது. அவ்வளவுதான். அறுபது வயது கடந்த, தவளை முகமும் பாசிப்பச்சை நிறமும் கொண்ட கார் ஒன்றை இருவரும் பாதிப் பாதியாய் வாங்கிவிட்டார்கள். டாக்டரின் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தில் பெயர் சூட்டினாள்.

"இது மூணாவது சம்பந்தி. ஒழுங்கா கவனிங்க, இல்லன்னா கோச்சுக்கும்."

அவள் வாய்ச்சொல் பலித்தது. ஒரு ஞாயிறு காலை, கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் கிளப்பியபோது, மூன்றாவது சம்பந்தி இருமியது, திணறியது, பின்பு கார்முகில் கூட்டம் கடல் குடித்து எழுந்தாற்போல் கரும்புகையை ஓங்கி உமிழ்ந்தது. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகள் மறைந்தன, எதிர்வீட்டுக்காரர் மறைந்தார், அவருடைய வசைச்சொற்கள் மட்டும் புகையைக் கிழித்துக்கொண்டு வந்தன. ஏற்றத்தில் வண்டி நடந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து வழி கேட்டு முந்திச் சென்ற அந்த அவமானத்தை இரு சம்பந்திகளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். அவர்களுள் ஒருவருக்கு மட்டும் அப்படிக் கடிப்பது பல்லுக்குக் கேடு என்று தெரியும்.

போர்க்களம் எதுவெனின், தகரக் கூரையும் எண்ணெய் ஊறிய தரையும் கொண்ட ஒரு ஒர்க்‌ஷாப். அதன் அரசி, ஊரார் யாவரும் அக்கா என்றே அழைத்த மெக்கானிக். குரலில் சைலன்ஸர் இல்லாதவர். ஒரே ஒரு பெஞ்சு வைத்துக்கொண்டு எட்டு வண்டிக்கு வாக்குக் கொடுத்திருப்பவர். பானட்டைத் திறந்து, காது கொடுத்து, மோந்து பார்த்து, அவர் தீர்ப்பளித்தார்.

"ரெண்டு வழி இருக்கு. எஞ்சின் மேல மூடியிருக்கற ஹெட்டை மட்டும் கழட்டி வால்வெல்லாம் தேய்ச்சு உட்கார வெச்சா கொஞ்ச நாள்ல வண்டி கையில. இல்ல, எஞ்சினையே இறக்கி, சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணி, பிஸ்டன் ரிங் எல்லாம் புதுசு போட்டா மாசக்கணக்காகும். எதுன்னு பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

பேசி முடிவு பண்ணுங்கள் என்று இரு சம்பந்திகளிடம் சொல்வது, இரு மதயானைகளிடம் ஒரு கரும்பைக் கொடுத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்பதற்கு ஒப்பாகும். டாக்டரின் நெஞ்சு வால்வின் பக்கம் சாய்ந்தது. இருக்கிற பல்லைப் பிடுங்காதே என்பதே அவர் வாழ்வின் முதல் வாக்கியம். கான்ட்ராக்டரின் நெஞ்சோ அஸ்திவாரம்வரை தோண்டத் துடித்தது. ஆயினும் சம்பந்தி என்பவர் சண்டை போடக்கூடியவர் அல்லரே! மகள் அங்கே இருக்கிறாள். ஒரு சொல் தடித்தால் அது அவள் தட்டில் போய் விழும். ஆகவே வணக்கங்களால் அடித்துக்கொண்டார்கள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி. ஆனா ஹெட் வேலையே போதுமோன்னு ஒரு சின்ன எண்ணம்" என்று முதல் அம்பைத் தொடுத்தார் டாக்டர்.

"உங்களுக்குத் தெரியாததா சம்பந்தி! ஆனா உள்ள சுவர் இடிஞ்சு கிடக்கும்போது கூரைக்கு மட்டும் பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிடக் கூடாதில்ல?" என்று அதை நடுவானில் முறித்தார் கான்ட்ராக்டர்.

"சேச்சே, உங்க அனுபவம் எங்க, நான் எங்க!"

"ஐயையோ, நீங்க படிச்சவங்க!"

இவ்வாறு ஒருவரையொருவர் உயர்த்தி உயர்த்தி, இருவரும் தகரக் கூரையில் தலை முட்டும் அளவுக்கு உயர்ந்தபின், அக்கா குறுக்கிட்டு ஒரு சோதனையை அறிவித்தார். பிளக்கைக் கழற்றிய துளையில் அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுழற்றுவது. பின் அதே துளையில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி சுழற்றுவது. எண்ணெய்க்குப்பின் முள் ஏறினால் குற்றவாளி ரிங்; எஞ்சினையே இறக்க வேண்டும். ஏறாவிட்டால் குற்றவாளி வால்வு.

நான்கில் மூன்று சிலிண்டர்கள் மானம் காத்தன. மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் மூச்சற்றுக் கிடந்தது. கரண்டி எண்ணெய் உள்ளே இறங்கிற்று. அந்நேரம் வெல்டிங் பொறி பறக்கவில்லை; எதிர்க்கடை வானொலி பாடவில்லை; ஏறாதே ஏறாதே என்று டாக்டரின் விழியும், ஏறு ஏறு என்று கான்ட்ராக்டரின் விழியும் அந்த மெல்லிய முள்ளைப் பற்றி இழுத்தன. முள் எழுந்தது. எழுந்து, இரு பக்கத்துப் பகையையும் நன்கறிந்த மருமகளைப் போல, சரியாக நடுவில் போய் நின்றுகொண்டது.

"ஏறலையே!" என்றார் டாக்டர்.

"ஏறிடுச்சே!" என்றார் கான்ட்ராக்டர்.

இருவரும் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிக்கணும் சம்பந்தி" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, வேறு வேறு திசையில் வீடு திரும்பினார்கள்.

அன்று மாலை டாக்டரின் கிளினிக்கில் நிகழ்ந்ததை எப்படிச் சொல்வேன்! கன்னம் வீங்கி வந்த ஒருவர், "டாக்டர், அடைக்கலாமா, பிடுங்கிடலாமா?" என்று கேட்க, முப்பது ஆண்டாய் அக்கேள்விக்கு இமைக்கும் முன் விடை சொன்ன அந்த மாவீரர், விளக்கை அணைத்து, ஏற்றி, மறுபடி அணைத்து, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று நோயாளியையே கேட்டார். நோயாளி வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் மகளின் போன்.

"அப்பா, மாமாகிட்ட என்ன சொன்னீங்க? சாப்பிடும்போதுகூட வாயே திறக்கல. அத்தை என்னைப் பார்க்கறாங்க, நான் அவரைப் பார்க்கறேன், அவர் சாம்பாரைப் பார்க்கறாரு."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. எஞ்சின் விஷயம்."

"எஞ்சின் உங்க ரெண்டு பேருக்கும். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறது நான்."

டாக்டர் போனை வைத்தார். காவியத்துக்கு இங்கே வேலையில்லை. மகள் போனபின் வீடு பெரிதாகிவிட்டிருந்தது. இந்த வயதில் புதிதாய் ஒரு சிநேகிதன் கிடைப்பான் என்று அவர் நினைத்ததே இல்லை; கிடைத்தான், அதுவும் சம்பந்தி உருவில், தவளை முகக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டு. ஒரு வால்வுக்காகவா அதை இழப்பது?

எழுந்தார், தம் கொள்கையைத் தாமே வேரோடு பிடுங்கினார், அக்காவுக்குப் போன் போட்டார். "சம்பந்தி சொன்னதுதான் சரி. முழு எஞ்சின் வேலையே பண்ணிடுங்க!"

மறுமுனையில் நீண்ட மூச்சொன்று கேட்டது. "டாக்டர், இப்பத்தான் அவர் போன் பண்ணாரு. நீங்க சொன்னதுதான் சரியாம். ஹெட் வேலையே போதுமாம். காலையில ரெண்டு பேரும் நேர்ல வாங்க."

ஐயகோ! பகைத்துப் பொருதல் எளிது. விட்டுக்கொடுத்துப் பொருதலே கொடிது! மறுநாட்காலை மூண்ட போருக்கு முன் முந்தைய நாள் போர் வெறும் கொசுக்கடி. படை மாறிய தளபதிகள் இருவரும் பகைவன் கொடியைத் தம் தோளில் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். "அஸ்திவாரம் முக்கியம் சம்பந்தி! இடிச்சுத்தான் கட்டணும்!" என்று டாக்டர் மேசையைத் தட்டி முழங்கினார். "இருக்கறதைக் காப்பாத்தறதுதான் தர்மம்! ஒரு பல்லுக்காக யாராவது தாடையை மாத்துவாங்களா?" என்று கான்ட்ராக்டர் ஸ்பானரை ஓங்கி ஆர்ப்பரித்தார். உனக்காகத்தான் விட்டுக்கொடுக்கிறேன், அதை ஏற்றுக்கொள்ளாமல் என்னை அவமதிக்கிறாயே என்ற வெகுளி இருவர் மூக்கையும் சிவக்க வைத்தது. மாலையும் கழுத்துமாய்ச் சம்பந்தம் கலந்த நாள்முதல் ஒருவரையொருவர் "சம்பந்தி" என்றே அழைத்தவர்கள், இன்று முதல் முறையாக "யோவ்" என்னும் எல்லைக்கோட்டின் விளிம்பில் வந்து நின்றார்கள்.

"யோவ்!" என்றது அக்காவின் குரல்.

இருவரும் உறைந்தார்கள்.

"எந்த வேலை பண்ணாலும் முதல்ல ஹெட்டைக் கழட்டித்தான் ஆகணும். கழட்டட்டுமா, வேணாமா?"

இரு தலைகளும் ஒருசேர அசைந்தன. நட்டுகள் ஒவ்வொன்றாய் முனகி இளகின; சிலிண்டர் ஹெட், தோற்ற மன்னனின் மகுடம் போல் மெல்லப் பெயர்ந்து பெஞ்சுக்கு வந்தது. அக்கா அதைக் கவிழ்த்தார். கரிபூத்த வால்வுகளின் வரிசையில் ஒன்றின் ஓரம் தீய்ந்து, அரித்து, சிறு பிறைபோல் குழிந்திருந்தது. டாக்டர் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். உலகில் எதைக் கண்டு அவர் மனம் அப்படிப் பூரிக்கும்?

"சொத்தை!" என்றார். "சம்பந்தி, இது சொத்தை!"

கான்ட்ராக்டர் அதைப் பார்க்கவில்லை. அவர் எஞ்சினுக்குள் கையை விட்டு, மூன்றாம் சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆயிரம் சுவர்களைத் தட்டிப் பார்த்து ஆயிரத்தையும் இடித்த நகம் அது. எங்கும் ஒரு கீறல்கூட அதில் தட்டுப்படவில்லை. இன்னொரு முறை ஓட்டினார். அவர் முகத்தில் மெல்ல, தமக்கே பிடிக்காத ஒரு மரியாதை பரவியது.

"சுவர் நல்லா இருக்கு சம்பந்தி" என்றார். "இடிக்க வேணாம்."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?"

"சுவர் விஷயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப முள்ளு பாதி ஏறிச்சே?" என்றார் டாக்டர். நேர்மை அவரையும் விடவில்லை.

"கொஞ்சம் தேய்மானம் இருக்கும்" என்றார் அக்கா, துணியில் கையைத் துடைத்தபடி. "அறுபது வயசுல யாருக்கு இல்ல? ஹெட் வேலை. முடிஞ்சுது. கிளம்புங்க, எனக்குப் பெஞ்சு வேணும்."

வெற்றி டாக்டருக்கா, வெற்றியைத் தம் நகத்தால் எழுதிக் கொடுத்த கான்ட்ராக்டருக்கா என்று வானோர் வழக்காடட்டும். மகள் அன்றிரவு போன் செய்து, மாமா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார் என்று மட்டும் சொன்னாள்.

வால்வுகள் தேய்க்கப்பட்டன, சொத்தை களையப்பட்டது, வந்தது அந்தப் பொன்ஞாயிறு. புகையின்றி, இருமலின்றி, கன்னிப்போர் வென்ற களிறெனப் பிளிறிக்கொண்டு மூன்றாவது சம்பந்தி ஊர்வலம் புறப்பட்டது. முன்னிருக்கையில் இரு வேந்தர். பின்னிருக்கையில் அவர்தம் தேவியர். எதிர்வீட்டுக்காரர் துணிகளை எடுக்காமலே நின்று கையசைத்தார். அன்று முந்திச் சென்ற சைக்கிள்காரரை அதே ஏற்றத்தில் கண்டு, வேண்டுமென்றே இருமுறை ஹார்ன் அடித்து, காற்றினும் கடுகி முந்தி, ஏற்றத்தின் உச்சியில் இருவரும் ஒருவர் தொடையில் ஒருவர் தட்டி ஆர்ப்பரித்த அக்கணத்தில், பின்சக்கரத்திலிருந்து 'புஸ்' என்று ஒரு நெடுமூச்சு எழுந்தது. வண்டி சாய்ந்து நின்றது. வீரர் இருவரும் இறங்கினர், சக்கரத்தின் முன் மண்டியிட்டனர், ட்யூபில் நுழைந்த ஆணியை நோக்கினர், ஒருவரையொருவர் நோக்கினர். "உங்களுக்குத் தெரியாததா சம்பந்தி, ஒட்டுப் போட்டாலே போதும்னு ஒரு சின்ன எண்ணம்" என்று நாணொலி எழுப்பினார் ஒருவர், "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி, ஆனா நாலு டயரையுமே மாத்திட்டா?" என்று வில்லை வளைத்தார் மற்றவர், திசைகள் நடுங்க, மரத்துப் பறவைகள் எழுந்து பறக்க, முடிவிலாப் பெரும்போர் மீண்டும் மூண்டது.

சம்பந்தியம்மாக்கள் இருவரும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.