டாக்டர் நட்ட களை

உலக நெல் சாகுபடியையே திருத்தி எழுதவிருந்த மாபெரும் ஆராய்ச்சி ஒன்று, அன்று காலை ஏழு மணிக்கு, ஒரு பாத்தியில் ஒரு களைகூட இல்லாத காரணத்தால் பேராபத்தில் விழுந்தது.

ஆராய்ச்சியாளரை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ‘களை டாக்டர்’ என்பார்கள். அவர் கொள்கை எளிமையானது. இலை பரப்பும் ரகத்தைச் சீக்கிரமே நட்டுவிட்டால், நெல்லே நிழல் போட்டுக் களையை அமுக்கிவிடும், மகசூல் தப்பும். அதை நிரூபிக்க நான்கு பாத்திகள். முதலாவதில் சீக்கிரம் நட்ட அகல ரகம். கடைசியில் தாமதமாக நட்ட ஒல்லி ரகம். நடுவில் இரண்டும் மாற்றி மாற்றி. எதிலும் களை எடுக்கக் கூடாது என்பது விதி.

போன இரண்டு வருடமும் நான்கிலும் களை வஞ்சனையில்லாமல் வளர்ந்தது. இந்த வருடமும் தவறினால் வேலை நிரந்தரமாகாது. பத்து மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. முதல் பாத்தியோ துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது! யாரோ கையால் பிடுங்கிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

பக்கத்து வயலில் களையெடுக்கும் அக்கா நின்றிருந்தார்.

“என்னக்கா, தலையில கல்லைப் போட்டுட்டீங்களே!”

“நான் என்ன பண்ணேன் தம்பி? அந்தப் பாத்தியில...”

“பேசாதீங்க! கையால களை எடுத்த பாத்தின்னு குழு கண்டுபிடிச்சா நான் காலி!”

டாக்டர் மனைவிக்குப் போன் போட்டார். “வாளியும் மண்வெட்டியும் எடுத்துட்டு ஓடி வா. நடணும்.”

“இப்பப் போய் என்னத்த நடுறது?”

“களை.”

கால் மணி நேரத்தில் மனைவி வாளியோடு வந்து நின்றார்.

கடைசிப் பாத்தியிலிருந்து பிடுங்கி முதல் பாத்தியில் நட்டார்கள். நட்டது தலை தொங்கியது. இன்னும் ஒரு மடங்கு நட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார் டாக்டர்.

“வீட்டுல ஒரு செம்பருத்திக்கு ஒரு சொம்பு ஊத்தியிருப்பீங்களா?” என்றார் மனைவி.

நிமிர்ந்து பார்த்தால் கடைசிப் பாத்தி மொட்டையாகியிருந்தது. அதை நிரப்ப வரப்பிலிருந்த கோரையைப் பிடுங்கினார். கோரைதான் வரப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது, வரப்பு உடைந்து, பிடுங்கிய கோரையும் தண்ணீரோடு போன பிறகே தெரிந்தது.

“தம்பி, நான் சொல்றதை ஒரு நிமிஷம்...”

“அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இருங்க!”

குழு வந்தபோது மனைவி உடைப்பில் முழங்கால்வரை காலை வைத்து அடைத்தபடி, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப்போலச் சிரித்தார்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “சீக்கிரம் நட்ட அகல ரகம். இதுலதான் களை காடு மாதிரி நிக்குது. தாமதமா நட்ட ஒல்லி ரகம் சுத்தமா இருக்கு. உங்க கொள்கையை நீங்களே தலைகீழா நிரூபிச்சுட்டீங்க, டாக்டர்.”

கோப்பை மூடிவிட்டுப் போனார்கள்.

டாக்டர் மிச்சமிருந்த வரப்பில் உட்கார்ந்தார். மனைவி சேற்றுக் கையென்றும் பாராமல் அவர் தோளில் கை வைத்தார்.

“ஏன்க்கா பிடுங்கினீங்க?” என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார் டாக்டர். “உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?”

“நான் எங்க பிடுங்கினேன்?” என்றார் அக்கா. “காலையிலேருந்து சொல்ல வர்றேன், நீங்க விட்டாத்தானே! அந்தப் பாத்தியில களை வரவே இல்லை.”