சாம்பல் நிறத்தில் கத்தி படக் கூடாது

நிறஞானியின் வலைத்தளத்துக்கு அப்படி ஒரு கூட்டம். பேருந்தில் தொங்கிக்கொண்டு பார்ப்பவர்கள், அலுவலகத்தில் கோப்புக்கு அடியில் போனை ஒளித்துப் பார்ப்பவர்கள், பல் துலக்குவதற்கு முன்பே பார்ப்பவர்கள். பிறந்த தேதியைத் தட்டினால் போதும், பக்கம் முழுக்க அவரவர் 'உள்நிறம்' பரவும். மறுநாள் போனால் கேட்காமலேயே அதே நிறத்தில் வரவேற்கும்.

"என்னை ஞாபகம் வச்சிருக்குங்க! என் வீட்டுக்காரருக்கே என் பிறந்தநாள் ஞாபகம் இருக்காது" என்று கண் கலங்கினார் ஓர் அம்மா.

தங்கம் வந்தவர் வேலை மாறினார். நீலம் வந்தவர் வீடு மாறினார். சாம்பல் வந்தவர் மட்டும் எதுவுமே செய்யக் கூடாது. கட்டணம் கட்டி 'நிறக்கழுவல்' செய்துகொண்டால் ஞானி தன் கையாலேயே தங்கமாக்கித் தருவார். வசூல் என்னவோ சாம்பலில்தான்.

இந்த அற்புதத்தைச் செய்தவர் நம் வலைத்தளக்காரர். மாடியில் ஒரு சின்ன அறை, இரண்டு கணினி, முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி. ஞானி தன் கட்டுரைகளைத் தானே ஏற்றிக்கொள்ளும்படி தளத்தை அமைத்துக் கொடுத்தபோது, வருகிறவர்கள் இஷ்டப்படி நிறத்தை மாற்றிக்கொள்ள ஓரத்தில் ஒரு பட்டனும் வைத்திருந்தார். கண் கூசுகிறவர் கறுப்பாக்கிக்கொள்ளட்டும் என்கிற நல்ல எண்ணம். ஞானிக்குப் பிடிக்கவில்லை.

"பட்டனை எடுத்துடுங்க. மனுஷனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னா மதிக்க மாட்டான். அதுவா தேர்ந்தெடுத்துக் குடுத்தா கும்பிடுவான்."

வலைத்தளக்காரர் எடுத்தார். பதிலுக்கு, ஏழு நிறங்களைக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்கும்படி எழுதினார். வந்த நிறம் பார்ப்பவரின் போனிலேயே பதிவாகும்படியும் செய்தார். அந்த அம்மா கண் கலங்கிய 'ஞாபகம்' அதுதான். சரி, பிறந்த தேதி? அது எங்கேயும் போகாது. அந்தக் கட்டம் பார்வைக்குத் தபால்பெட்டி, உள்ளே குப்பைத்தொட்டி.

இவ்வளவும் தெரிந்த மனிதர் சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு சும்மா பார்க்கிறேன் பேர்வழி என்று தன் தேதியைத் தட்டினார். சாம்பல்! அன்று மாலையே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மறுநாள் கீபோர்டில் காபி கொட்டியது. அந்த லிஃப்ட் அடிக்கடி நிற்கும் என்பதும், காபியைக் கீபோர்டை ஒட்டி வைப்பது தன் வழக்கம் என்பதும் அறிவாளிக்கு நினைவே வரவில்லை. ஞானியிடம் போய் நின்றார்.

"குலுக்கல் நான் எழுதினதுதான் ஐயா. ஆனாலும்..."

"கதவைச் செஞ்சது நீங்க. உள்ள யார் வர்றாங்கன்னு தச்சனுக்குத் தெரியுமா?"

தெரியாதுதானே! வலைத்தளக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. தான் வரைந்த பூதத்தைப் பார்த்துப் பயப்படும் குழந்தைகூடக் கொஞ்ச நேரத்தில் சிரித்துவிடும். இவர் கழுவலுக்குப் பணம் கட்டினார். கூட்டாளிக்குரிய சலுகைகூடக் கேட்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு பேச்சில்லாமல் நிற்பார். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் சொல்லி, அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. கணவர் சும்மா இருந்தாரா? மனைவியின் போனில் அவர் தேதியைத் தட்டிப் பார்த்தார். சாம்பல். சாம்பலில் கத்தி படக் கூடாது, கழுவினாலும் தங்கம் உடம்பில் ஊற மூன்று மாதம் ஆகும் என்று ஞானி கட்டுரையே எழுதியிருந்தார். அதில் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தவரும் இவர்தான்.

"ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா? மூணு மாசம்தான்."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல... நம்ம சைட்டு."

"நீங்க எழுதினீங்களே, அதுவா?"

"எழுதினது நான்தான். ஆனா வர்றது..."

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, ஒரே ரத்தத்தை ரெண்டு தடவை போட்டா ஒரே பதில்தான் வரணும். இல்லன்னா மெஷின் கோளாறுன்னு மூடி வச்சுடுவோம். உங்க மெஷினை என்னைக்காவது அப்படிப் போட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"வீட்டுல நாம மட்டும் போட்டுப் பாத்தா நீங்க அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பீங்க. வாங்க, உங்க ஞானி வாராவாரம் நடத்துற கூட்டத்துக்கே போவோம்."

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. ஞானி மேடையில் தங்க நிற நாற்காலியில் வீற்றிருந்தார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றதும் மனைவி எழுந்து, முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க நிறம் என்னங்க ஐயா?"

"தங்கம். பிறவித் தங்கம்!"

"பிறந்த தேதி?"

ஞானி பெருமையாகச் சொன்னார். மனைவி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் பழைய ஞாபகம் எதுவும் இல்லாத புதுப் பக்கம் ஒண்ணு திறந்து, ஐயாவோட தேதியைப் போடுங்க. எப்படித் திறக்கிறதுன்னு இவர் சொல்லுவார்."

வலைத்தளக்காரர் நாற்காலியில் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தார். மேடையில் ஞானி முறைத்தார். பக்கத்தில் மனைவி பல்லைக் கடித்து வலியை அடக்கிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"மேல மூணு புள்ளி இருக்கும், தொடுங்க. மறைநிலைன்னு ஒண்ணு வரும். அதுல திறங்க."

திறந்தார்கள். தட்டினார்கள். ஒரே மனிதர், ஒரே பிறந்த தேதி. முன்வரிசையில் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் பச்சை, தூணோரம் நீலம், பின்னால் மஞ்சள், ஊதா. அரங்கமே துணிக்கடை மாதிரி ஆகிவிட்டது. மேடைக்கு நேர் எதிரே ஒரு கட்டட கான்ட்ராக்டர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"ஐயா, உங்களுக்குச் சாம்பல் வந்திருக்கு! எதுவும் செய்யாதீங்க, அப்படியே உக்காந்திருங்க!"

"சர்வர் கோளாறு" என்றார் ஞானி, வியர்வையைத் துடைத்தபடி.

"சர்வர் நல்லாத்தான் இருக்கு" என்றார் வலைத்தளக்காரர். "கோளாறு எனக்குத்தான். இது வெறும் குலுக்கல். தேதியை அது பார்க்கிறதே இல்ல. நான்தான் எழுதினேன். எழுதிட்டு, நானே பணமும் கட்டினேன்."

அரங்கத்தில் எழுந்த சிரிப்பு பெரும்பாலும் அவரைப் பார்த்துத்தான். அவரும் சேர்ந்து சிரித்தார், வேறு வழி? அந்தச் சந்தடியில் ஞானி போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினார். தங்க நாற்காலியைத் தூக்கிப் பார்த்த கான்ட்ராக்டர், அது பெயின்ட் என்று எல்லோருக்கும் அறிவித்தார்.

குறித்த நாளிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் மனைவி கட்டிலில் சாய்ந்தபடி ஒரு சின்னக் குப்பியை ஆட்டிக் காட்டினார். உள்ளே கல் உருண்டது.

"இது என்ன நிறம், சொல்லுங்க பாப்போம்."

"பச்சையும் இல்ல... பழுப்பும் இல்ல..."

"உங்க ஏழுல இது இருக்கா?"

இல்லை. வலைத்தளக்காரர் அசட்டுச் சிரிப்பு சிரித்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை இழக்கப் பார்த்தோமே என்று நினைத்தபோது கண்ணீர் வந்துவிட்டது.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் குலுக்கலை அழித்துவிட்டுப் பழைய பட்டனைத் தளத்தில் திரும்ப வைத்தார். 'உங்களுக்குப் பிடித்த நிறத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்' என்று பக்கத்தில் எழுதினார். அன்றே ஒரு வாசகர் கேட்டிருந்தார்: 'எனக்குப் பிடித்த நிறம் எது என்று யாரிடம் கேட்பது? கட்டணம் எவ்வளவு?'

வலைத்தளக்காரர் பதில் எழுதினார்: 'அதைச் சொல்ல உங்கள் தலைக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. கட்டணம் கிடையாது. அதனால்தான் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை.'

அனுப்பும் முன், தனக்கும் ஒரு நகல் போட்டுக்கொண்டார்.