முழங்கால் வரைக்கும்

ஏற்பாடு செய்திருந்த ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. அதனால் பிஜித் தலைநகர் சூவாவின் அழகுக்கலைப் பள்ளித் தேர்வறையில், மகள் செரெய்மா தோலைப் பரிசோதித்து மசாஜ் செய்து காட்ட, எங்கள் சித்தப்பா வத்திசோனியே படுக்கையில் ஏறிப் படுத்தார்.

"இடுப்புச் சூலுவைக் கொஞ்சம் தூக்குங்கப்பா."

"பாதம் போதாதா?"

"முழங்கால் வரைக்கும் பாக்கணும்."

வேட்டி போலச் சுற்றியிருந்த சூலுவைத் தூக்கினார். கெண்டைக்கால் முழுக்க முதலைத் தோல் போலச் செதில் செதிலாக இருந்தது. கவா என்னும் போதை வேர்ச்சாற்றை மிஞ்சிக் குடித்தால் தோல் அப்படித்தான் ஆகும். வத்திசோனியோ புத்தாண்டன்று சபை நடுவே, போதகரின் கையைப் பிடித்து, இனிக் கவாவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த மூப்பர்.

எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. கேட்டால் காரணம் சொல்வோம், அவ்வளவுதான்.

"வெயில்," என்றார்.

"சூலுவுக்குள்ளயா?" என்றார் தேர்வாளர் லவேனியா.

"பரம்பரைங்க. எங்க வம்சத்துக்கே இப்படித்தான்."

"அப்ப உங்க பொண்ணு காலையும் பாத்துடலாம்."

கல்யாணத்துக்கு நிற்கும் பெண்! வத்திசோனி பதறினார்.

"ஐயோ, இல்லம்மா! இது பன்னிக் கொட்டில்ல தொத்திக்கிட்டது."

வினை அங்கேதான் பிடித்தது. லவேனியா கையுறையை மாட்டினார். துண்டு, விரிப்பு எல்லாம் பைக்குள் போயின. துப்புரவு செய்யும் மேரேயோனி அறை முழுக்கக் கிருமிநாசினி அடித்தாள்.

"தொத்துன்னா தொடக்கூடாது. தேர்வு ரத்து. சபையில உங்க கையைக் குலுக்குனவங்களுக்கும் சொல்லியனுப்பணும்."

செரெய்மாவின் கண் கலங்கியது. தோலைப் பார்த்துக் குறிப்பெழுதிய தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

வத்திசோனி எழுந்து உட்கார்ந்து முதுகை நிமிர்த்தினார்.

"கவா," என்றார். "வாரத்துல ஆறு நாள். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

செரெய்மா கையை எடுத்தாள். தாளில் முதல் வரியே அதுதான்: 'கவா. தொற்றாது.'

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"உங்க மானம்பா."

லவேனியா சிரித்தபடி முழு மதிப்பெண் போட்டார். "இன்னிக்குக் கேள்வியே கவாத் தோல்தான் ஐயா. அப்படி ஒருத்தரத்தான் தேடிப் பிடிச்சு வச்சிருந்தோம்."

பையைக் கட்டிக்கொண்டிருந்த மேரேயோனி நிமிர்ந்தாள்.

"பாவம் போதகர், காலைல முழங்கால் வரைக்கும் தூக்கணும்னதும் போனை வச்சிட்டாரு."