எலித் தகரமும் அவரைப் பந்தலும்

சேசு மரி சூசை துணை

காலடிப்பேட்டை,
டிசம்பர் 9

அன்பும் மரியாதையும் உள்ள வியாகுலம் அக்காவுக்கு,

தம்பி கஸ்பார் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை. ஓசூர் குளிரில் நீ காதுக்கு மப்ளர் கட்டுகிறாயா? போனில் பேசினால் உன் மகன் நிதிஷ் பாதியில் பிடுங்கி, "மாமா, கொல்லைல சிமெண்ட் போட்டுடலாம், காரு நிறுத்தலாம்" என்கிறான். அதனால்தான் கடிதம். நீ தலையாட்டிவிடாதே அக்கா. பொங்கலுக்கு நீ வந்து பறிக்கும்வரை அவரைப் பந்தலைக் காப்பாற்றியே தீருவேன்.

மழை விட்டதும் ஓடில்லாத நத்தைகள் படையெடுத்து வந்தன. கறுப்பாக, வழவழவென்று, விரல் நீளம். பூவைத் தின்று, பிஞ்சைத் தின்று, காயப்போட்ட என் பனியனிலும் பளபளவென்று கோடு போட்டுவிட்டுப் போயின. பக்கத்து வீட்டுத் தாஹிரா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "உப்பு அள்ளிக் கொட்டு நைனா, அந்தக் கலீஜு பூரா ஒரே நாள்ல காலி. இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிக்கினு கீற?" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் நாம் டால்டா டப்பாவோடு நத்தை பொறுக்கிய காலத்தில், நான் உப்பைத் தூவப் போக, நீ என் கையைத் தட்டிவிட்டு, "அதுக்கும் வயிறு கீதுடா, டப்பால போடு" என்றாயே! உன் பாவாடையெல்லாம் சேறு, என் புத்தகப்பையில் ஒரு நத்தை, வாத்தியாரிடம் அடி வாங்கியது மட்டும் நான். அந்தக் காலைகளை நினைத்தால் இன்னமும் அழுகை வருகிறது, போ. கடையில் விற்கும் மருந்து உருண்டையும் வேண்டாம் என்றுவிட்டேன். அதைத் தின்ற நத்தையைத் தின்றால் நம் கொல்லைக்கு வரும் செம்போத்துப் பறவை செத்துப்போகும். தினமும் "ஊப் ஊப்" என்று என்னை எழுப்பிவிடுவது அதுதான்.

முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கயிறு போட்டுக் கட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கயிறு வழியே எலி இறங்காமலிருக்க வட்டத் தகரம் மாட்டுவோமே, அதேபோல் பிஸ்கட் டின் மூடிகளில் ஓட்டை போட்டுப் பந்தல் கால் ஒவ்வொன்றிலும் மாட்டினேன். தெருவே வந்து பார்த்தது. மறுநாள் காலையில் தூக்கிப் பார்த்தால், தகரத்துக்கு அடியில் குளுகுளுவென்று அத்தனை நத்தையும் குடும்பத்தோடு தூங்குகிறது! எலிக்கு நிழல் வேண்டாம், நத்தைக்கு வேண்டும் என்று துறைமுகத்தில் எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "நைனா, நத்தைக்கு ஹவுசிங் போர்டே கட்டிக் குடுத்துட்டியே!" என்று தாஹிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடப்பதால் அள்ளுவது சுலபமாகிவிட்டது அக்கா. காலையில் டப்பாவில் அள்ளி மதிலோரப் புல்லில் விடுகிறேன். செம்போத்து வேண்டியதை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் அதுபாட்டுக்குப் பிழைக்கிறது. கொடி தழைத்து, கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது.

ஆகவே சிமெண்ட் வேண்டாம். கொல்லையும் போய்விட்டால் நீ எதற்கு இங்கே வருவாய்? எனக்கு அந்தப் பயம்தான்.

மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நிதிஷுக்கு என் ஆசீர், கோபத்தோடு.

உன் தம்பி,
கஸ்பார்

பி.கு.: எழுதி முடித்து ஸ்டாம்பு வாங்கப் போனபோது கொல்லைக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் தாஹிராவின் ஆடு பந்தலுக்கடியில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. கொடியை அடியோடு இழுத்துவிட்டது. இலையில்லை, பூவில்லை, காயில்லை. நிதிஷிடம் சொல்லாதே. பொங்கலுக்கு எப்படியும் வந்துவிடு அக்கா. மார்க்கெட்டில் அவரைக்காய் வாங்கிப் பந்தல் முழுக்க நூலால் கட்டி வைக்கிறேன். நீ வந்து பறி.